பணம் மட்டுமா ஜேடிதியின் பலம்?

ஜொகூர் ஜேடிதி அணியா? "காசு கொடுத்து வாங்கிய அணி" என்பார்கள் சிலாங்கூர் ரசிகர்கள். அது பாதி உண்மை. பணம் ஆட்டக்காரர்களைக் கொண்டு வரும். பந்தைப் பறிகொடுத்த மறுகணமே இரண்டு, மூன்று பேர் பாய்ந்து மீட்கும் பழக்கத்தைப் பயிற்சிதான் தரும். 2014 முதல் சூப்பர் லீக்கில் அவ்வணி கோலோச்சுவதற்கு இதுவும் காரணம்.

2015இல் ஏஎப்சி கிண்ணத்தை வென்ற முதல் தென்கிழக்காசியக் குழு அதுதான். அதில் இருந்த சாபிக் ரஹிம், எஸ்.குணாளன் இருவரும் முன்பு சிலாங்கூருக்கு ஆடியவர்கள். சிலாங்கூர் சட்டையில் ஓடியபோது கைதட்டல். சட்டை மாறியதும் ஏச்சு. கால்கள் அதே கால்கள்தானே?

கிண்டல் இருக்கட்டும், கணிப்பு நேர்மையாக இருக்கட்டும். எதிரணியின் பலத்தைச் சரியாக எடைபோட்டால்தான் நம் அணியின் குறை தெரியும்.