கடல் பெரிது, கேள்வி சிறிது

கல்லூரியில் சேர்ந்ததும் உங்களைக் கட்டுரை எழுதச் சொல்வார்கள். 'காவிரி' என்று தலைப்பிட்டுவிட்டு, அடுத்த வரி ஓடாமல் விழிப்பவர் பலர். காரணம் என்ன? தலைப்பு மிகப் பெரியது.

திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் 1888இல் பிறந்தவர் சர் சி. வி. இராமன். 1921இல் கப்பற் பயணத்தின்போது மத்தியதரைக் கடலின் நீலம் அவரைக் கவர்ந்தது. கடல் ஏன் நீலமாக இருக்கிறது? இந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டார். வானத்தின் பிரதிபலிப்பே அது என்று ராலே பிரபு கருதியிருந்தார். இராமன் நிகோல் பட்டகத்தின் வழியே பார்த்து, நீர்ப்பரப்பில் பிரதிபலிக்கும் ஒளியை விலக்கினார். நீலம் மறையவில்லை! நீரே ஒளியைச் சிதறச் செய்கிறது என்று 'நேச்சர்' இதழுக்கு எழுதினார்.

கேள்வி, முன்பு இருந்தது, செய்து பார்த்தது, கண்ட முடிவு. கட்டுரைக்கு இந்த வரிசை போதும்.

இனிக் காவிரிக்கு வருவோம். திருவரங்கத் தீவுக்கு மேற்கே, முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. அங்கே மேலணை எதற்கு? இதுவே உங்கள் கேள்வியாகட்டும். கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. வெள்ளம் அதிலேயே பாய்ந்ததால் காவிரி மணல் மேடிட்டது. தஞ்சை வயல்களுக்கு நீர் குறைந்தது. 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே அணை கட்டினார். நீர் காவிரிக்குத் திரும்பியது. 2018 வெள்ளத்தில் அதன் மதகுகள் சில அடித்துச் செல்லப்பட்டன. அணை தளர்ந்தால் வயல் என்னாகும்? முடிவுரையில் இதைச் சொல்லுங்கள்.

பார்த்தீர்களா, தலைப்பு சுருங்கியதும் எழுதச் செய்தி பெருகிவிட்டது! உங்கள் ஊர் ஏரியிடம் என்ன கேட்கப் போகிறீர்கள்?