ஆசிரியர்கள் மாணவராகிய தீவு

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நாமெல்லோரும் அறிந்த பழமொழி. எனினும், நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திற் கற்கும் இயற்கைப் பாடத்தின் பெரும்பகுதி ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்து வருகின்றது. பூவின் பகுதிகள் யாவற்றையும் பிழையின்றி ஒப்புவிக்கும் பிள்ளை, வேலியோரத்துப் பூவொன்றைக் கையிற் கொடுத்ததும் திகைத்து விழிக்கின்றது. இதற்காகப் பிள்ளையைக் கடிந்துகொள்வது முறையன்று. ஆசிரியரைக் கடிந்துகொள்வதும் முறையன்று. அவரும் அவ்வாறே ஏட்டைப் பார்த்துக் கற்றவர். தாம் காணாத பொருளைப் பிறர்க்குக் காட்ட எவராலும் இயலாது.

அங்ஙனமாயின், முதலிலே கண் திறக்கப்பட வேண்டியவர் யார்? ஆசிரியரே என்க. ஓர் ஆசிரியர் தம் பணிக்காலத்தில் எத்தனையோ நூறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கின்றார். அவர் ஒருவருடைய கண் திறந்தால் அத்தனை பேருடைய கண்களும் திறக்க வழியுண்டு. இவ்வுண்மையை நன்குணர்ந்த பேரறிஞர் ஒருவர், 1873 ஆம் ஆண்டிலே ஆசிரியர்களுக்கென்றே கடல் நடுவில் ஒரு பள்ளிக்கூடம் அமைத்தார். இரண்டே இரண்டு கோடைகாலம் மட்டும் நடந்து மூடப்பட்ட பள்ளிக்கூடம் அது. ஆயினும், அதன் கதை நாம் அறிந்திருக்க வேண்டியதொன்று.

மீனைப் பார்!

அவ்வறிஞரின் பெயர் லூயி அகசி. 1807 ஆம் ஆண்டிலே சுவிற்சர்லாந்து நாட்டிற் பிறந்தவர். கல்லாகிப் போன பண்டைக்கால மீன்களை ஆராய்ந்து இளமையிலேயே புகழெய்தியவர். ஒரு காலத்தில் ஐரோப்பாவின் பெரும்பகுதியைப் பனிக்கட்டி மூடியிருந்தது என்னும் கொள்கையை 1837 இல் விஞ்ஞானிகள் முன் துணிந்து எடுத்துரைத்தவரும் இவரே. 1846 இல் அமெரிக்காவிற்குச் சென்ற அகசி, ஹாவார்ட் சர்வகலாசாலையிற் பேராசிரியராகி, 1859 இல் அங்கே புகழ்பெற்ற விலங்கியல் நூதனசாலையொன்றை நிறுவினார்.

அவர் கற்பித்த முறை விந்தையானது. அவரிடம் மாணவராகச் சேர்ந்த சாமுவேல் ஸ்கடர் என்பவர், தமது முதல் நாள் அனுபவத்தைப் பின்னர் 1874 இல் எழுதி வெளியிட்டார். மதுசாரத்தில் இட்டு வைத்த மீனொன்றை அவர் முன் வைத்து, இதைப் பார் என்று மட்டும் கூறிவிட்டு அகசி போய்விட்டாராம். பத்து நிமிடத்திற்குள் மீனிலே பார்க்கவேண்டியதெல்லாம் பார்த்தாயிற்று என்று மாணவருக்குத் தோன்றியது. ஆசிரியரைத் தேடினார், காணவில்லை. மணித்தியாலங்கள் கழிந்தன. உருப்பெருக்குக் கண்ணாடி பயன்படுத்த அனுமதியில்லை. வேறு வழியின்றிப் பென்சிலை எடுத்து மீனை வரையத் தொடங்கினார். வரைய வரைய, அதுவரை கண்ணிற் படாத புதுப்புது உறுப்புகள் புலப்பட்டன. அகசி திரும்பி வந்து, பென்சிலும் ஒரு நல்ல கண்தான் என்ற கருத்துப்படப் பாராட்டினார். ஆனால், கண்டவற்றைக் கேட்டறிந்த பின், இன்னும் பார் என்றார்!

மூன்று நாள் அந்த ஒரே மீன். மீனின் இரு பக்கங்களும் ஒன்றுக்கொன்று ஒத்து, உறுப்புகள் சோடி சோடியாக அமைந்திருக்கின்றன என்பதை மாணவர் தாமாகவே கண்டு சொன்னபோது ஆசிரியர் அகமகிழ்ந்தார். சொல்லிக் கொடுத்தால் அரை நிமிடத்திற் சொல்லிவிடலாம். ஆயினும், தானே கண்டது ஆயுள் முழுவதும் நிற்கும். அந்த மாணவர் பிற்காலத்தில் வண்ணத்துப்பூச்சி ஆராய்ச்சியிற் பெயர் பெற்ற அறிஞரானார்.

தீவு கிடைத்த வகை

இத்தகைய பயிற்சி சர்வகலாசாலை மாணவர் சிலருக்கு மட்டும் கிடைத்தாற் போதுமா என்ற எண்ணம் அகசியை வருத்தியது. நாட்டுப்புறப் பாடசாலைகளிலே கற்பிக்கும் சாதாரண ஆசிரியர்களுக்கு இது கிட்ட வேண்டும். அவர்களுக்கு ஓய்வு கிடைப்பது கோடை விடுமுறையில். ஆகவே, அவ்விடுமுறையில் கடற்கரையிலே ஒரு பள்ளிக்கூடம் நடத்துவதெனத் தீர்மானித்தார். இடமில்லை, பணமுமில்லை. மாசச்சூசெற்ஸ் சட்டசபையினரிடம் தமது தேவைகளை எடுத்துரைத்தார். அச்செய்தியைப் பத்திரிகையிற் படித்த நியூயோர்க் புகையிலை வணிகர் ஜோன் அண்டர்சன் என்பவர், தமக்குச் சொந்தமான பெனிக்கீஸ் என்னும் தீவையும் அதனுடன் 50,000 டொலர் பணத்தையும் வழங்க முன்வந்தார். கடலடியைத் துழாவி உயிர்களை எடுப்பதற்கென வேறொரு செல்வர் பாய்க்கப்பலொன்றை அளித்தார்.

பெனிக்கீஸ், மாசச்சூசெற்ஸ் கரையை அடுத்துள்ள ஏறத்தாழ 75 ஏக்கர் பரப்புடைய சிறு தீவு. மரங்கள் அருகிய, காற்று வீசும் மேட்டுநிலம். 1873 ஆம் ஆண்டு யூலை மாதம் 8 ஆந் திகதி பள்ளிக்கூடம் தொடங்குவதென அறிவிக்கப்பட்டிருந்தது. அதற்கு முந்திய சனிக்கிழமை அகசி தீவுக்கு வந்து பார்த்தால், தங்குமிடத்திற்குத் தளமே போடப்படவில்லை! மறுநாளோ ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்தவர்களுக்கு ஓய்வுநாள். அகசி தச்சர்களை அழைத்து, இது பணம் சேர்ப்பதற்கான வேலையன்று, கல்விக்கான வேலை என்று எடுத்துக் கூறி, நாளை வேலை செய்ய உடன்படுவீர்களா என வினவினார். ஒருவர்கூட மறுக்கவில்லை. குறித்த நாளில் ஆசிரியர்கள் வந்திறங்கினர்.

வந்தவர்கள் ஏறத்தாழ ஐம்பது பேர். அவர்களில் மூன்றிலொரு பங்கினர் அளவிற் பெண்கள். பெண்களுக்கு உயர்கல்விக் கதவுகள் பெரும்பாலும் அடைக்கப்பட்டிருந்த காலம் அது என்பதை நாம் மறக்கலாகாது. தீவிலிருந்த பழைய களஞ்சியமே கூட்ட மண்டபமாயிற்று. திறந்து கிடந்த பெருங்கதவுகளின் வழியே தகைவிலான் குருவிகள் உள்ளும் புறமும் பறந்து திரிந்தன. அங்கே அகசி, யாவரும் சிறிது நேரம் மௌனமாகப் பிரார்த்திக்குமாறு வேண்டிக்கொண்டு வகுப்பைத் தொடங்கினார். அந்த மௌனத்தைப் பொருளாகக் கொண்டு விற்றியர் என்னும் அமெரிக்கக் கவிஞர் பின்னர் ஒரு கவிதை இயற்றினார்.

கடலே பாடநூல்

அங்கே ஆசிரியர்கள் என்ன செய்தார்கள்? கடல் வற்றிய வேளையிற் பாறைகளிடையே நடந்தார்கள். கற்களைப் புரட்டி அடியில் வாழ்வனவற்றைப் பார்த்தார்கள். கப்பலிற் சென்று கடலடியைத் துழாவி வந்தவற்றைத் தொட்டிகளிலே வளர்த்தார்கள், வெட்டியும் பார்த்தார்கள், வரைந்தார்கள். மாலையிற் கரும்பலகை முன் நின்று அகசி விளக்கவுரை ஆற்றினார். கண்ணாற் கண்டதன் பின்னரே விளக்கம் என்பது அங்கு விதி. புத்தகத்தை விட்டு இயற்கையைப் படிக்கச் சொல்லும் வாசகமொன்று சுவரிலே தொங்கியது.

நட்சத்திர மீனுக்கு ஐந்து கைகள் என்று புத்தகம் கூறும். அதை உயிருடன் கடல்நீரில் மல்லாத்தி வைத்துப் பாருங்கள். கைகளின் அடியிலுள்ள நூற்றுக்கணக்கான சிறு குழாய்க் கால்கள் நெளிந்து தரையைத் தேடும். ஒரு கையின் நுனி மெல்ல வளைந்து தரையைப் பற்றும். பின்னர் முழு உடலும் மெதுவாகப் புரண்டு கவிழும். படகின் அடியிலும் பாறையிலும் ஒட்டியிருக்கும் கொட்டலசு, வெறும் சுண்ணாம்புக் கட்டிபோலத் தோன்றும். நீரில் வைத்துச் சற்றே பொறுத்திருந்தால், அதன் மூடி திறந்து இறகு போன்ற கால்கள் வெளிவந்து இரையை வாரும். அது நண்டுக்கும் இறாலுக்கும் உறவு என்பது அப்பொழுது விளங்கும். அக்கரைகளிலே வாழும் குதிரைலாட நண்டோ, பெயரால் நண்டாயினும் இனத்தாற் சிலந்திக்கு அண்மையது. பெயரை நம்பாமல் உடலைப் பார்த்தாலன்றி இத்தகைய உண்மைகள் பிடிபடா. இவற்றை ஒரு முறை கண்ட ஆசிரியர், பிறகு எந்த வகுப்பிலும் வெறும் ஏட்டை மட்டும் வாசித்துக் காட்ட மனம் ஒப்பாரன்றோ?

விதை விழுந்த இடங்கள்

அக்கோடை முடிந்து சில மாதங்களுக்குள், 1873 டிசம்பர் 14 ஆந் திகதி, அகசி காலமானார். தாம் இளமையில் ஆராய்ந்த ஆர் பனியாற்றிலிருந்து கொணர்ந்த பாறையொன்றே அவரது கல்லறையில் நிற்கின்றது. மறு ஆண்டு அவர் மகன் அலெக்சாண்டர் அகசி பள்ளிக்கூடத்தை நடத்தினார். அத்துடன் அது மூடப்பட்டது. 1905 முதல் 1921 வரை அத்தீவு தொழுநோயாளர் மருத்துவ நிலையமாக இருந்தது.

ஆனால் கற்றவர்கள் கலைந்து போனபோது கல்வி அவர்களுடன் சென்றது. தீவுக்கு வந்த 22 வயது ஆசிரியரான டேவிட் ஸ்ரார் ஜோர்டன், மீன்களைப் பற்றிய ஆராய்ச்சியில் உலகப் புகழ்பெற்று, 1891 இல் ஸ்ரான்போர்ட் சர்வகலாசாலையின் முதற் தலைவரானார். பெனிக்கீசிற் கற்ற சாள்ஸ் விற்மன், 1888 இல் வூட்ஸ் ஹோல் என்னுமிடத்தில் நிறுவப்பட்ட கடலுயிரியல் ஆய்வுகூடத்தின் முதற் பணிப்பாளரானார். அவ்வாய்வுகூடம் இன்றும் உலகப் புகழுடன் விளங்குகின்றது. 1874 இல் தீவில் பயின்ற கோர்ணீலியா கிளாப் என்னும் பெண்மணி, அவ்வாய்வுகூடத்தில் ஆரம்ப ஆண்டிலேயே ஆராய்ச்சி செய்தவர். தம் கல்லூரிப் பெண்களுக்கும் உயிருள்ளவற்றைக் கொண்டே விலங்கியல் கற்பித்தவர்.

பின்னர், நியூயோர்க் மாநிலத்தின் கோர்ணெல் சர்வகலாசாலையிலிருந்து கிராமப் பாடசாலை ஆசிரியர்களுக்கென இயற்கைக் கல்வித் துண்டுப் பிரசுரங்கள் வெளியாயின. அப்பணியில் முன்னின்ற அன்னா பொற்ஸ்போர்ட் கொம்ஸ்ரொக் அம்மையார், 1911 இல் ஆசிரியர்களுக்கென ஒரு பெருங் கைந்நூலை வெளியிட்டார். பிள்ளை ஒன்றைக் கேட்டால், எனக்குத் தெரியாது, வா, இருவரும் சேர்ந்து பார்ப்போம் என்று சொல்ல ஆசிரியர் கூசலாகாது என்பது அவர் வற்புறுத்திய கருத்து. 1977 இல் திபிலீசி நகரில் கூடிய உலக சுற்றாடற் கல்வி மகாநாடும், நேரடி அனுபவத்தையும் ஆசிரியர் பயிற்சியையும் வலியுறுத்தியது. தீவிலே தொடங்கியது உலகக் கொள்கையாயிற்று.

ஆசானை மிஞ்சிய பாடம்

அகசியின் குறைகளையும் நாம் மறைத்தல் தகாது. உயிரினங்கள் படிப்படியாக மாறி வந்தன என்ற டார்வினின் கொள்கையை அவர் இறுதிவரை எதிர்த்தார். மனித இனங்கள் வெவ்வேறாகப் படைக்கப்பட்டன என்றும், அவற்றில் உயர்வு தாழ்வு உண்டென்றும் வாதித்தார். அவ்வாதம் பொய் என்பதை விஞ்ஞானம் தெளிவாகக் காட்டிவிட்டது; அடிமைத்தனத்தை ஆதரித்தவர்களுக்கு அது கருவியானது பெருங் கேடு. இக்காரணத்தினாலேயே, அவர் பேராசிரியராகப் பணியாற்றிய நொஷாத்தெல் நகரில் அவர் பெயர் கொண்ட சதுக்கத்திற்கு அண்மை ஆண்டுகளில் வேறு பெயர் சூட்டப்பட்டது.

மீனின் செதிலை மூன்று நாள் பார்க்கச் சொன்னவர், மனிதரைப் பார்க்கும்போது முன்கூட்டியே கொண்ட முடிவோடு பார்த்தார். இதிலே நமக்கொரு எச்சரிக்கை உண்டு. கண் திறந்திருந்தால் மட்டும் போதாது. நெஞ்சமும் திறந்திருத்தல் வேண்டும். அதேவேளை, அவருடைய மாணவர்களைப் பாருங்கள்! ஜோர்டனும் விற்மனும் தம் கண்ணாற் கண்டவற்றை எண்ணிப் பார்த்து, ஆசானின் கொள்கையை விட்டு டார்வின் பக்கம் சென்றனர். புத்தகத்தை நம்பக் கற்பித்திருந்தால் அவர்கள் ஆசானையும் அவ்வாறே நம்பியிருப்பர். பார்க்கக் கற்பித்தமையால் ஆசானின் பிழையையும் அவர்களாற் பார்க்க முடிந்தது. ஓர் ஆசிரியர் தம் மாணவருக்கு அளிக்கக்கூடிய கொடைகளில் இதனினும் பெரியது உண்டோ?

நாம் செய்யக் கூடியது

இதற்கெல்லாம் தீவும் வேண்டாம், கப்பலும் வேண்டாம். பள்ளிக்கூட முற்றத்து மரமொன்று போதும். வாரம் ஒருமுறை அதே மரத்தடிக்குச் சென்று, துளிர், பூ, காய், அங்கு வரும் எறும்பு, பறவை ஆகியவற்றை ஓராண்டு முழுவதும் குறித்து வரலாம். முதலிற் கண்டதை எழுதுக. பெயரைப் பின்னர் தேடுக. அழகாக வரையத் தெரியாவிட்டாலும் வரைக. புரட்டிய கல்லை மறுபடி அவ்வாறே வைத்து, எடுத்த உயிரை எடுத்த இடத்திலேயே விடுக. அகசியின் காலத்தில் உயிர்களைப் போத்தலில் அடைப்பதே வழக்கமாயிருந்தது. அருகிவரும் உயிர்களின் நிலையை அறிந்த நாம் அதைப் பின்பற்றலாகாது.

பெற்றோருக்கும் இதில் பங்குண்டு. மண்ணளைந்து வந்த பிள்ளையை அதட்டுமுன், அங்கே என்ன கண்டாய் என்று ஒரு சொல் கேளுங்கள். ஆசிரியப் பயிற்சி பெறும் இளைஞர்களும் யுவதிகளும், விடுமுறையில் ஒரு நாளையேனும் இதற்கென ஒதுக்கிக் குளக்கரைக்கோ கடற்கரைக்கோ சென்று வருவார்களாக. அன்று கண்டதைத் தம் வகுப்பிலே சொல்லும்போது, அவர் குரலிலுள்ள வேறுபாட்டைப் பிள்ளைகள் உடனே அறிந்து கொள்வார்கள்.