மேல் திருகை முதலில் கழற்றுவது ஏன்?

வண்டியை உயரத் தூக்கும் யந்திரமில்லாத வீட்டு முற்றத்தில், காரின் கியர்ப் பெட்டியிலுள்ள எண்ணெயை மாற்ற முற்படுகிறவர், அடியிலுள்ள வடிதிருகைத் தொடுவதற்கு முன்பே, பக்கவாட்டில் சற்று மேலேயிருக்கும் நிரப்புதிருகு கழலுகிறதா என்று பரீட்சித்துவிடுவது அவசியம். ஏனெனில், பழைய எண்ணெய் முழுவதும் வடிந்தபின் அத்திருகு துருவேறி அசைய மறுக்குமாயின், வண்டியைப் பட்டறைவரை ஓட்டிச் செல்லவும் வழியிராது.

நிரப்பும் துவாரமே அளவுகோலாகவும் அமைந்திருப்பது பல வண்டிகளின் விசேஷம்: புது எண்ணெய் அதன் விளிம்பைத் தொட்டு வழியத் தொடங்கும்போது அளவு பூர்த்தியாகிறது. முன்புறத்தை மாத்திரம் உயர்த்தினால் இக்கணக்குப் பிசகுமாதலால், நான்கு மூலைகளிலும் உறுதியான ஸ்டாண்டுகளை வைத்து வண்டியைச் சமமாக நிறுத்த வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் நுழைவது பிராணாபத்து.

பழைய எண்ணெயை, வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிய பின் வடித்தால், இளஞ்சூட்டில் அது இளகி விரைவாக இறங்கும்.

எல்லாவற்றினும் முக்கியமாக நான் கருதுவது எண்ணெயின் வகை. பற்சக்கரங்களின் கடும் அழுத்தத்தைத் தாங்குவதற்காக ஜிஎல்-5 என்னும் வகை எண்ணெயில் மிகுதியாகச் சேர்க்கப்படும் கந்தக, பாஸ்பரஸ் பொருள்கள், கியர்களின் வேகத்தை ஒன்றுபடுத்தும் பித்தளை வளையங்களை நாளடைவில் அரித்துவிடக்கூடும். ஆதலால், வண்டியின் கைப்புத்தகம் ஜிஎல்-4 என்று விதித்திருக்கையில், எண் பெரிது என்பதற்காக மற்றதை ஊற்றுவது தகாது.