வழி கேட்டு வந்தவர்கள்

ஒரு காலத்தில் தந்திச் சேவகர் தெருவில் நுழைந்தாலே வீடுகளில் பேச்சு நின்றுவிடும். உறையைப் பிரிக்கும் முன்னரே அழத் தொடங்கிய தாய்மார்கள் உண்டு. ஆங்கிலம் அறிந்த ஒருவரைத் தேடிப் பிடித்து, அவர் வாசித்துச் சொன்ன பிறகுதான், வந்திருப்பது பிள்ளைப்பேற்றுச் செய்தியா இறப்புச் செய்தியா என்பது விளங்கும். சொல்லுக்குச் சொல் காசு கட்ட வேண்டியிருந்ததால், அனுப்புகிறவரும் அளந்தே எழுதினார். 2013-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நம் நாட்டில் தந்திச் சேவை முடிவுக்கு வந்தது. இன்றோ, விடியற்காலையில் ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் பேருந்து ஏறும் பெண்மணியின் கையிலும், வேலூர்க் கோட்டையருகே சவாரிக்குக் காத்திருக்கும் ஆட்டோ ஓட்டுநரின் கையிலும், பழைய தந்தி அலுவலகத்தினும் வல்லமை மிக்க கருவி இருக்கின்றது. நூறு பேருக்கு ஒரு செய்தியை அனுப்ப நொடிப்பொழுது போதும். அளந்து எழுத வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.

இக்கருவியால் விளைந்த நன்மைகளை நாம் மறுக்கவில்லை. வளைகுடா நாட்டில் உழைக்கும் மகன் பேரணாம்பட்டில் இருக்கும் தன் தாயின் முகத்தை இரவுதோறும் கண்டு பேசுகின்றான். திருச்சபையும் இத்தகைய கருவிகளை வெறுத்து ஒதுக்கவில்லை. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றித் தனி ஆணையே வெளியிட்டு, அவற்றின் பயனைப் பாராட்டியது. 1967 முதல் ஆண்டுதோறும் உலகச் சமூகத் தொடர்பு நாளைக் கொண்டாடியும் வருகின்றோம்.

ஆயினும் இக்கருவிகளோடு அன்றாடம் மல்லுக்கு நிற்கும் எளியவர்களின் துன்பத்தையும் நாம் காண்கின்றோம். தொலைபேசியில் அழைத்தால் மனிதர் பேசுவதில்லை. தமிழுக்கு ஓர் எண்ணை அழுத்து, புகாருக்கு வேறோர் எண்ணை அழுத்து என்று பதிவு செய்த குரல் கட்டளையிடுகின்றது. வங்கியிலிருந்து வரும் இரகசிய எண்ணைக் கண்ணாடி அணிந்து படித்து முடிக்குமுன் அதன் ஆயுள் முடிந்துவிடுகின்றது. தோல் பதனிடும் தொழிற்சாலையில் சுண்ணாம்பிலும் இரசாயனத்திலும் ஆண்டுக்கணக்கில் கையை நனைத்து உழைத்த முதியவரின் தேய்ந்த விரல்ரேகையை நியாயவிலைக் கடை இயந்திரம் ஏற்க மறுப்பதுண்டு. அரிசி வாங்க வந்தவர் அவரே என்பதைத் தெருவே அறியும். இயந்திரம் மட்டும் அறியாது.

இதில் ஒரு விந்தை இருக்கின்றது. கண் முன்னே உயிரோடு நிற்கும் மனிதரை இயந்திரம் நம்ப மறுக்கின்றது. அதே வேளையில், யார் எழுதியது, எங்கிருந்து வந்தது என்றே தெரியாத ஒரு செய்தியை நாம் ஒரு கேள்வியும் கேளாமல் நம்புகின்றோம். நம்புவதோடு நில்லாமல் பிறருக்கும் அனுப்பி வைக்கின்றோம். முன்னது தொல்லை. பின்னதோ உயிரையே பறிக்கக்கூடியது. இதற்குச் சான்று தேடி நாம் தொலைவில் செல்ல வேண்டியதில்லை.

2018-ஆம் ஆண்டின் கோடைகாலத்தை நினைவுகூர்வோம். வடநாட்டிலிருந்து குழந்தை கடத்தும் கும்பல் ஒன்று தமிழ்நாட்டுக்குள் புகுந்துவிட்டதாக வாட்ஸ்அப் வழியே படங்களும் குரல் பதிவுகளும் பரவின. ஊருக்கு ஊர் இளைஞர்கள் கண்விழித்துக் காவல் இருந்தனர். ஏப்ரல் இறுதியில் அன்றைய வேலூர் மாவட்டத்தில் குடியாத்தம் பகுதியில், இந்தி பேசிய ஒருவர் இந்த ஐயத்தின் பேரில் அடித்துக் கொல்லப்பட்டார். சில நாள்கள் கழித்து, மே 9 அன்று, திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகே அத்திமூர்ப் பகுதியில் இன்னொரு கொடுமை நிகழ்ந்தது. சென்னையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார், மலேசியாவிலிருந்து வந்திருந்த உறவினரோடு தங்கள் குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் சென்றுகொண்டிருந்தனர். வழி தெரியாமல் வண்டியை நிறுத்தி வழி கேட்டனர். அங்கு நின்ற குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தனர். அவ்வளவே அவர்கள் செய்தது. கூட்டம் திரண்டது. அறுபத்தைந்து வயது மூதாட்டி அடிபட்டு இறந்தார். உடன் வந்தவர்கள் படுகாயமுற்றனர்.

இவ்விரு நிகழ்ச்சிகளும் நம் வேலூர் மறைமாவட்டத்தின் எல்லைக்குள் நடந்தவை. பேரன் பேத்தி வயதுப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பது நம் வீட்டுப் பாட்டிமார்களும் செய்வதுதான். அடிக்கத் திரண்டவர்களுள் பலர் தம் பிள்ளைகள்மேல் கொண்ட அச்சத்தால் ஓடி வந்தவர்களாகவே இருந்திருப்பர். ஆனால் அந்த அச்சத்தை ஊட்டியவர் யார்? செய்தியை முதலில் புனைந்தவர் ஒருவராயினும், அதை வீடு வீடாய்க் கொண்டு சேர்த்தவர்கள் நல்லவர்கள், எதற்கும் அனுப்பி வைப்போம் என்று எண்ணியவர்கள். அவர்களுள் எவரும் கல்லையோ கழியையோ தொடவில்லை. ஆதலால் எவருடைய மனச்சான்றும் உறுத்தியிருக்காது. நம்மைக் கலங்க வைப்பது இதுவே.

அம்மூதாட்டி இறந்த நான்காம் நாள், மே 13, ஞாயிற்றுக்கிழமை. அன்றுதான் அவ்வாண்டின் உலகச் சமூகத் தொடர்பு நாள். அந்நாளுக்கெனத் திருத்தந்தை பிரான்சிஸ் சனவரித் திங்களிலேயே விடுத்திருந்த செய்தி, பொய்ச் செய்திகளைப் பற்றியதாகும். ஏதேன் தோட்டத்தில் பாம்பு ஏவாளிடம் பேசிய பேச்சையே பொய்ச் செய்தியின் தொடக்கமாக அவர் அதில் சுட்டிக்காட்டியிருந்தார். பாம்பின் பேச்சு முழுப் பொய்யாகத் தோன்றவில்லை. அக்கறையோடு சொல்லும் அறிவுரையைப் போலவே ஒலித்தது. பிள்ளைகளைக் காப்பாற்றுங்கள் என்று கெஞ்சிய அந்த வாட்ஸ்அப் குரலும் அவ்வாறே ஒலித்தது.

வேற்றூராரைக் கண்டு அஞ்சுவது எங்கும் தவறே. நம் பகுதியில் அது நன்றிகெட்ட செயலுமாகும். வேலூர்த் தெருக்களில் நடந்து பாருங்கள். வங்காளம், இந்தி, அசாமியம் எனப் பல மொழிகள் காதில் விழும். மேற்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நோயாளிகளை அழைத்துக்கொண்டு வருகிறவர்கள் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வழி கேட்கின்றனர். அவர்களை நம்பி விடுதிகளும் உணவகங்களும் மருந்துக் கடைகளும் நடக்கின்றன. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் தொழிலும் அயலூர், அயல்நாட்டு வணிகரை நம்பியே வாழ்கின்றது. மொழி புரியாதவர் வந்து வழி கேட்பது நமக்கு நாள்தோறும் வரும் பிழைப்பு அன்றோ?

அம்மருத்துவமனை தோன்றியதும் கதவைத் தட்டிய அயலாரால்தான். இராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார், அமெரிக்காவில் படித்துவிட்டுத் திண்டிவனத்தில் இருந்த பெற்றோரிடம் வந்திருந்தார். விரைவில் திரும்பிச் சென்று வசதியான வாழ்வு அமைத்துக்கொள்வதே அவர் விருப்பம். ஓர் இரவு மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், மற்றவரும் இந்து. மூவரின் மனைவியரும் பேறுகால வேதனையில் இருந்தனர். மருத்துவரான தந்தையை அழைத்துச் செல்லுமாறு ஐடா சொன்னார். ஆடவர் வந்து பார்க்க வழக்கம் இடம் தராது என்று மூவரும் திரும்பிச் சென்றனர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அம்மூவர் கேட்ட உதவி ஐடாவின் உள்ளத்தை விட்டு அகலவில்லை. மருத்துவம் பயின்று 1900-இல் திரும்பி, வேலூரில் ஒரே படுக்கையோடு பணியைத் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி நிறுவினார். 1960-இல் கொடைக்கானலில் இறந்தார். திருச்சபைப் பிரிவால் அவர் நம்மவர் அல்லர். ஆயினும் அவருடைய பணியின் பயனை நாம் அனைவரும் துய்க்கின்றோம்.

‘டாக்டர் ஐடா, இந்தியா’ என்று மட்டும் முகவரி எழுதப்பட்ட கடிதமும் அவர் கைக்குத் தவறாமல் வந்து சேர்ந்தது என்பர். உழைப்பால் வந்த புகழ் அது. இன்று நாம் கொண்டாடும் புகழ் பெரும்பாலும் முகத்தைப் பற்றியது. திரைநடிகர் சொன்னார், விளையாட்டு வீரர் சொன்னார் என்றால் ஆராயாமல் ஏற்கின்றோம். பொய்யரும் இதை நன்கு அறிந்துள்ளனர். கைப்பேசி விளையாட்டுச் செயலி ஒன்றைச் சச்சின் தெண்டுல்கர் பரிந்துரைப்பதுபோல் ஒரு காணொளி உலவியது. அது போலி என்று 2024 சனவரியில் அவரே அறிவிக்க நேர்ந்தது. 2023 மார்ச்சில் திருத்தந்தை பிரான்சிஸ் பகட்டான வெண்ணிறக் குளிர்மேலங்கி அணிந்து நிற்பதுபோன்ற படம் உலகெங்கும் பரவியது. அது செயற்கை நுண்ணறிவால் ஆக்கப்பட்ட போலிப்படம். தாமும் இத்தகைய படத்துக்கு இலக்கானதை 2024-ஆம் ஆண்டுச் சமூகத் தொடர்பு நாள் செய்தியில் அவரே குறிப்பிட்டார். திருத்தந்தையின் முகத்தையே பொய்யாக ஆக்க முடியுமானால், முகத்தை மட்டும் கண்டு நாம் எதை நம்புவது?

2018-இல் நிகழ்ந்த கொலைகளுக்குப்பின் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வரம்பு விதித்தது. 2020-இல், பலமுறை கைமாறி வந்த செய்திகளை ஒரு வேளைக்கு ஓர் உரையாடலுக்கே அனுப்பலாம் என்று மேலும் குறைத்தது. நல்லதே. ஆனால் பொய்ச்சாட்சி சொல்லாதிருக்க வேண்டும் என்ற கடமையை நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட முடியாது. அந்தக் கட்டளை ஒவ்வொருவருக்கும் கொடுக்கப்பட்டது.

அன்பார்ந்த குடும்பத்தாரே, இரவுச் செபத்திற்குப்பின் சிறிது நேரம் இதைப் பற்றி வீட்டில் பேசுங்கள். ஒரு செய்தி வந்தால் மூன்று கேள்விகள் கேட்கும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள். இதைக் கண்ணால் கண்டவர் யார்? எந்த ஊரில், எந்த நாளில் நடந்தது? இது பொய்யாக இருந்தால் யாருக்குத் தீங்கு வரும்? விடை கிடைக்காத செய்தி நம் கைப்பேசியோடு நிற்கட்டும். குழந்தை ஒன்றுக்கு ஆபத்து என்று உண்மையாகவே ஐயம் எழுந்தால், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையோ 112 என்ற அவசர எண்ணையோ அழையுங்கள். ஊர்க்குழுவில் ஒருவர் தவறான செய்தியைப் போட்டால், பலர் முன்னிலையில் அவரை இழிவுபடுத்தாமல் தனியே அழைத்துச் சொல்லுங்கள். உறவுக்காரர் என்பதற்காக வாளாவிருப்பது மட்டும் வேண்டாம்.

பெற்றோர் செய்தியை எப்படிக் கையாளுகின்றனர் என்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருக்கின்றனர். அதேபோல், மொழி தெரியாத ஒருவர் நம் வாசலில் நின்று வழி கேட்கும்போது நாம் என்ன செய்கின்றோம் என்பதையும் அவர்கள் பார்க்கட்டும். அவரை உட்காரச் சொல்லி, ஒரு செம்பு தண்ணீர் கொடுத்து, பேருந்து நிற்கும் இடம்வரை பிள்ளையையே உடன் அனுப்பி வையுங்கள்.