ஒரு முழம் மல்லிகை

கோடை வெயில் கொளுத்தும் மாதங்களில்தான் மல்லிகை மிகுதியாய்ப் பூக்கின்றது. மாலை வேளையில் தாம்பரம், குரோம்பேட்டைக் கடைத்தெருக்களில் நடப்போரை அந்த மணமே முதலில் வரவேற்கும். அதே பருவத்தில்தான் கிறிஸ்துவின் திருவுடல், திருஇரத்தப் பெருவிழாவும் வருகின்றது. வெண்ணாடை உடுத்திய சிறுவர் சிறுமியர் கூடைகளில் மலரிதழ்களை ஏந்தி முன்னே செல்ல, மேற்கட்டியின் கீழ்க் கதிர்ப்பாத்திரத்தில் நற்கருணை ஆண்டவர் நம் தெருக்களில் பவனி வருகின்றார். நாம் குடியிருக்கும் தெருவுக்கே அவர் வருகின்ற அந்நாளில், அவர் பாதையில் மலர் தூவாமல் இருக்க நம்மால் இயலுமோ?

இவ்வழக்கம் நெடுங்காலத்தது. இன்றைய பெல்ஜியம் நாட்டிலுள்ள லியேஜ் நகரில் வாழ்ந்த புனித ஜூலியானாவின் இடைவிடா வேண்டுதலால் 1246-ஆம் ஆண்டு அம்மறைமாவட்டத்தில் இவ்விழா ஏற்படுத்தப்பட்டது. 1264-இல் திருத்தந்தை நான்காம் உர்பான் அதனைத் திருச்சபை முழுமைக்கும் உரிய விழாவாக அறிவித்தார். காலப்போக்கில் நற்கருணைப் பவனி இவ்விழாவின் சிறப்பு அடையாளமாயிற்று. பவனி சென்ற இடமெல்லாம் மலர்களும் உடன் சென்றன.

இத்தாலியின் மலர்க் கம்பளம்

உரோமை நகருக்குத் தென்கிழக்கே, ஆல்பன் குன்றுகளின் மேல், நேமி ஏரிக்கு அருகில் ஜென்சானோ என்னும் சிற்றூர் இருக்கின்றது. 1778 முதல் அவ்வூரார் இவ்விழாவுக்காகத் தங்கள் தெருவையே மலரால் மூடி வருகின்றனர். மேட்டின் உச்சியிலுள்ள அன்னை மரியாவின் ஆலயத்தை நோக்கி ஏறிச் செல்லும் அத்தெருவின் கல்தளத்தில் முதலில் கோடுகளால் சித்திரம் வரைவர். பின்னர், பல நாள்களாகப் பறித்து, இதழிதழாகப் பிரித்து, நிலத்தடிக் குகைகளின் குளிர்ச்சியில் காத்து வைத்த மலர்களைக் கொண்டு அதனை நிரப்புவர். மலரில் கிடைக்காத நிறத்திற்கு இலையும் விதையும் உதவும். பெரியோரும் சிறியோரும் முழந்தாளிட்டுக் குனிந்து செய்யும் வேலை அது. பவனி முடிந்தபின், மறுநாள் மாலை அவ்வூர்க் குழந்தைகள் ஆலயப் படிகளிலிருந்து ஆரவாரத்தோடு ஓடி வந்து, அந்தச் சித்திரம் முழுவதையும் மிதித்துக் கலைத்து விடுகின்றனர். அதற்காக எவரும் வருந்துவதில்லை. ஆண்டவருக்கென்று செய்த வேலை அவர் கடந்து சென்றதும் நிறைவேறிவிட்டது அன்றோ?

நம் பக்கத்து மலர்கள்

நம்மிடம் அத்தகைய ஓவியக் கம்பளம் இல்லை. ஆயினும் நமக்கென்று ஒரு கலை உண்டு. அதுதான் பூத்தொடுத்தல். மல்லிகை மொட்டுகளை விரியுமுன், காலைப் பொழுதிலேயே பறித்துவிட வேண்டும். இல்லையேல் மாலைவரை தாங்காது. இப்புறம் இரண்டும் அப்புறம் இரண்டுமாக மொட்டுகளை வைத்து, வாழைநாரையோ நூலையோ சுற்றி இழுத்து முடிச்சிடுவர். கண் ஒருபுறமும் பேச்சு ஒருபுறமுமாய் இருக்க, விரல்கள் தாமாகவே தொடுத்துக்கொண்டு போகும். தாயிடமிருந்து மகள் கற்ற கலை இது. பருவத்துக்கேற்ற மலர்களும் நமக்கு உண்டு. கோடையில் மல்லிகை, பரங்கிமலையில் டிசம்பர் 18-இல் மீட்பரின் பிறப்பை எதிர்நோக்கும் அன்னைக்கு விழா எடுக்கும் காலத்தில் சாமந்தி. பனிக்காலத்தில் மல்லிகை அருகி விலை ஏறிவிடும். சாமந்தியோ அப்போதுதான் குவியும்.

நான் செய்த பிழை

இனி நான் சொல்லப்போவது என் பிழையைப் பற்றியது. சில ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய ஒரு பங்கில், பவனிப் பாதையில் நான்கு பீடங்கள் அமைப்பது வழக்கம். ஒவ்வோர் அன்பியத்தாரும் தத்தம் தெருவில் ஒன்றை அலங்கரிப்பர். ஒரு தெருவில் அழகு மிகும். மற்றொன்றில் மாலை கோணலாய்த் தொங்கும். சில வேளைகளில் யார் பீடம் சிறந்தது என்று மனத்தாங்கலும் வரும். இத்தொல்லை எதற்கு என்று எண்ணி, அவ்வாண்டு நான்கு பீடங்களையும் அலங்காரம் செய்வோர் ஒருவரிடம் ஒப்படைத்தேன். பிளாஸ்டிக் மலர்களும் வண்ண விளக்குகளும் வந்தன. குழந்தைகளின் கூடைகளில் இதழ்களுக்குப் பதிலாக வண்ணத்தாள் துணுக்குகள் இருந்தன. எல்லாம் ஒரே சீராக, குறித்த நேரத்தில் முடிந்தன. பலர் பாராட்டினர். நானும் மகிழ்ந்தேன்.

பவனி முடிந்து திருவுடைகளைக் கழற்றிவிட்டு வெளியே வந்தபோது, சாக்ரீஸ்து வாயிலில் மூதாட்டி ஒருவர் நின்றிருந்தார். கையில் வாழையிலைப் பொட்டலம் இருந்தது. "சாமி, ஆண்டவருக்குன்னு ஒரு முழம் மல்லி கட்டி வச்சிருந்தேன். எங்க வைக்கிறதுன்னே தெரியல. கையிலயே வாடிப்போச்சு" என்றார். அதில் குறை கூறும் தொனி இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவே. எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. நான்கு பீடங்களில் ஒன்றிலேனும் அந்த ஒரு முழத்திற்கு நான் இடம் வைக்கவில்லை.

அன்றிரவு மழை பெய்தது. காலையில் தெருவோரம் சென்று பார்த்தேன். தாள் துணுக்குகளும் பிளாஸ்டிக் இதழ்களும் வடிகால் வாயை அடைத்துக் கிடந்தன. துப்புரவுப் பணியாளர் ஒருவர் அவற்றைக் கையால் வாரிக்கொண்டிருந்தார். மலரிதழாய் இருந்திருந்தால் மண்ணோடு மண்ணாய்ப் போயிருக்கும்.

மறு ஆண்டு பீடங்களைத் தெருக்களிடமே திருப்பிக் கொடுத்தோம். ஒரே ஒரு நிபந்தனை விதித்தோம்: ஒவ்வொரு குடும்பமும் ஒரு கைப்பிடி மலரையேனும் தன் கையால் கொண்டுவர வேண்டும். விலைக்கு வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. வேலியோரத்து நந்தியாவட்டையும் தொட்டிச் செம்பருத்தியும் வந்தன. மாடிக் குடியிருப்புகளில் வாழ்வோர் துளசிக் கொத்துக் கொண்டுவந்தனர். முந்திய இரவு பெண்கள் கூடித் தொடுத்தனர். பூத்தொடுக்க அறியாத இளம்பெண்கள் அன்று கற்றுக்கொண்டனர். மாலை மீண்டும் கோணலாய்த் தொங்கியது. மனத்தாங்கலும் சிறிது வந்தது. ஆனால் அம்மூதாட்டியின் ஒரு முழம் மல்லிகை கதிர்ப்பாத்திரத்தின் அருகே இருந்தது. பவனிக்கு மறுநாள் இளைஞர்கள் இதழ்களைக் கூட்டி அள்ளி, ஆலயத் தோட்டத்து மரங்களின் அடியில் இட்டனர்.

"இப்பணத்தை ஏழைகளுக்குக் கொடுக்கலாகாதா?" என்று சிலர் கேட்பதுண்டு. பெத்தானியாவில் மரியா நறுமணத் தைலத்தை ஆண்டவரின் பாதங்களில் பூசியபோதும் இக்கேள்வி எழுந்தது. ஆடம்பரத்தை நான் ஆதரிக்கவில்லை. பல்லாயிரம் செலவிட்டு ஒரு தெரு மற்றொரு தெருவை வெல்ல முயல்வது பக்தி அன்று. ஏழைக்கு உரியது ஏழைக்குச் சேரவே வேண்டும். ஆனால் கைப்பிடி மலர் எந்த ஏழையின் உணவையும் பறிப்பதில்லை. மேலும், ஏழையும் கொடுக்க விரும்புகிறார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். கொடுக்கும் உரிமையை அவரிடமிருந்து பறிப்பதும் ஒரு வறுமைதான்.

எனவே, அன்புக் குடும்பங்களே, அடுத்த பெருவிழாவுக்கு முந்திய மாலை, வீட்டில் அனைவரும் ஒன்றாக அமருங்கள். பாட்டி தொடுக்கட்டும், பிள்ளைகள் இதழ்களைப் பிரிக்கட்டும், யாருக்காக இந்த மலர் என்பதைத் தந்தை எடுத்துச் சொல்லட்டும். பவனிக்குப் புறப்படுமுன், தனியே வாழும் அண்டை வீட்டு முதியவரின் கதவைத் தட்டி, அவர் கையிலும் பூ இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையெனில் உங்கள் கூடையிலிருந்து ஒரு பிடி கொடுங்கள். ஆண்டவர் நம் தெருவைக் கடந்து செல்கையில், மலரில்லாத கை ஒன்றும் அங்கே இல்லாதிருக்கட்டும்.