ஒலியை நிறுத்திப் பார்த்த மாணவன்

சாய்ந்தமருதுக்குத் தெற்கே அடுத்த ஊர் காரைதீவு. 1892ஆம் ஆண்டு அங்கே பிறந்து, கல்முனையிலே இளமைக் கல்வி பயின்று, பின்னர் விஞ்ஞானப் பட்டமும் பெற்ற விபுலாநந்த அடிகளாரின் 'யாழ் நூல்' என் மேசைமேல் எப்போதும் இருக்கும். அண்மைக் காலமாக அதன்மேல் வியன்னா நகரத்து ஆர்னல்ட் ஷோன்பெர்க் இயற்றிய பியானோ இசைக்குறிப்பும் ஏறிக்கொண்டது. காணும் நண்பர்கள், "கணித வாத்தியாருக்கு இது என்ன புதுப் பித்து?" என்று நகைக்கின்றனர். மாலை வேளைகளில் மாணவர்க்காக ஐந்து நிமிடக் காணொளிகள் ஆக்குவது என் பித்து. பன்னிரு சுர இசையை விளக்கப் புகுந்து நான் பட்ட பாட்டையே இங்கு சொல்ல விழைகிறேன்.

ஆர்மோனியத்தின் ஒரு தானத்திலே கட்டைகள் பன்னிரண்டு. அவற்றுள் ஒன்றை அரசாக்கி, ஏனையவற்றை அதன் குடிகளாக்கிப் பாடுவதே ஐரோப்பியரின் நெடுநாள் வழக்கம். அவ்வரசு வேண்டாம் என்றார் ஷோன்பெர்க். பன்னிரண்டையும் ஒவ்வொரு முறை மட்டுமே வரும்படி ஒரு வரிசையில் நிறுத்தினார். அவ்வரிசையைப் பின்னிருந்து வாசிக்கலாம்; மருதமுனைப் புடைவைக் கரையில் ஒரு பூவைத் தலைகீழாக்கி நெய்வதுபோல ஏற்றத்தை இறக்கமாக்கலாம்; தலைகீழாக்கியதையும் பின்னிருந்து வாசிக்கலாம். இந்த நான்கு வடிவங்களும் பன்னிரு கட்டைகளில் தொடங்கினால் நாற்பத்தெட்டு. பன்னிரு சுரங்களை நிறுத்தக்கூடிய வரிசைகளோ 47 கோடி 90 இலட்சத்து 1,600! கணிதம் கற்பிப்பவன் இதில் மயங்காதிருப்பது எங்ஙனம்?

மயங்கினேன். 1921 முதல் 1923 வரையில் அவர் இயற்றிய இருபத்தைந்தாம் எண் பியானோத் தொகுதியை எடுத்துக்கொண்டு, சுரத்துக்கொரு நிறம் தீட்டி, 144 கட்டங்களை வரைந்து, அவை சுழலும் வண்ணம் மூன்று வாரம் உழைத்து முதற் காணொளியை முடித்தேன். மறுநாள் என் மாணவன் ஒருவன் மகிழ்ச்சியோடு வந்து, "நல்லா விளங்கிச்சு சேர். பஸ்ஸில சத்தத்த நிப்பாட்டிப்போட்டுத்தான் பார்த்தன், ஒண்டும் குறையல்ல" என்றான்.

அவன் என்னைப் புகழ்ந்தே சொன்னான். எனக்கோ நெஞ்சில் முள் தைத்தது. ஓசையே இல்லாமல் முழுதும் விளங்கும் இசைப்பாடம் எதைக் கற்பித்தது? கட்டக் கணக்கைக் கற்பித்தேன்; இசையைத் தொடவே இல்லை.

அன்றிரவு மீண்டும் யாழ் நூலைத் திறந்தேன். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் பற்றிக்கொண்டு, பன்னிரண்டு இராசி வீடுகளைக் கொண்ட வட்டத்திலே ஏழு நரம்புகளை நிறுத்தி, குரலாக நிற்கும் நரம்பை மாற்ற மாற்ற ஏழு பாலைகள் பிறக்கும் விதத்தை அடிகளார் கணித்துக் காட்டுகிறார். அங்கே குரல் மாறும். குரல் இல்லாமற் போவதில்லை. ஷோன்பெர்க்கின் வட்டத்திலோ பன்னிரு வீட்டிலும் ஆள் உண்டு, தலைவன் இல்லை. ஆயினும் அன்று என்னைத் தடுத்து நிறுத்தியது இவ்வேற்றுமையன்று. 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அந்நூல் அரங்கேறியபோது, அவர் கணித்தபடி செய்யப்பட்ட யாழ்களும் ஏந்திவரப்பட்டு, வாசித்தும் காட்டப்பட்டன. அடுத்த மாதமே அடிகளார் மறைந்தார். அத்தனை எண்களை எழுதியவர், அவை நரம்பில் ஒலிப்பதையும் வேண்டினார் அல்லவா?

இரண்டாம் காணொளியை வேறு விதமாகத் தொடங்கினேன். முதல் ஒன்றரை நிமிடம் திரையில் இருளன்றி வேறொன்றுமில்லை. அத்தொகுதியில் 'முசெட்' என்றொரு பகுதி உண்டு. முசெட் என்பது ஒருவகைத் துருத்திக் குழல். நாகசுரத்துக்கு ஒத்துப் பிடிப்பதுபோல அதிலும் ஒரு சுரம் விடாது ஒலிக்கும். அதனை நினைவூட்டவே ஷோன்பெர்க் 'ஜி' என்னும் சுரத்தை அடியில் மீண்டும் மீண்டும் தட்டுகிறார். ('ஸி' கட்டையைச் சட்சமாகக் கொண்டால் அது பஞ்சமம்.) இருளிலே அதனை முதலில் கேட்கட்டும் என்று விட்டேன். பின்னர் வரிசையின் நான்கு வடிவங்களை மெல்ல வாசித்து, "எந்தச் சோடி மாறாமல் வருகிறது?" என்று வினவினேன். பஞ்சமமும் சுத்த ரிஷபமும் என்று கண்டவர் சிலர் இருந்தனர். பன்னிரு வீட்டு வட்டத்தை அதன் பிறகே வரைந்தேன். அவ்விரண்டும் நேரெதிர் வீடுகள். அவர் தெரிந்தெடுத்த எட்டு வடிவங்களுள் எதை எடுத்தாலும் அவ்விரண்டும் அருகருகே நிற்கும். முன்பின் மட்டுமே மாறும்.

ஒன்றை வெட்டியெறிந்தேன். அவ்வரிசையின் கடைசி நான்கு சுரங்களை ஜெர்மானிய எழுத்திற் பின்னிருந்து படித்தால் 'பாக்' என்னும் மூத்த இசைமேதையின் பெயர் வரும். கதைக்கு இனியது, காதுக்கு எட்டாதது.

ஷோன்பெர்க் மறைந்தது 1951இல். எழுபது ஆண்டுகள் கழிந்துவிட்டமையால் சுரக்குறிப்பை இங்கு எவரும் கையாளலாம். பிறர் வாசித்த ஒலிப்பதிவுகளுக்கோ தனி உரிமை உண்டு. ஆகவே இரவல் வாங்கிய கீபோர்டில் நானே வாசிக்கிறேன், உரிய வேகத்திற் பாதியில். கேட்போர் பொறுத்தருள்க.

அம்மாணவன் இம்முறை செவியிலே கருவியை மாட்டிக்கொண்டு என் முன்னாலேயே இருமுறை கேட்டான். பிறகு, "பன்னிரண்டும் சமம் எண்டு சொன்னீங்க. அந்தச் சுரம் மட்டும் ஏன் சேர் திரும்பத் திரும்ப வருகுது?" என்றான். விதியை வகுத்தவரே முசெட்டுக்காக அதனைத் தளர்த்தினாரா, அன்றி நான்தான் விதியை இறுக்கிச் சொல்லிவிட்டேனா? மூன்றாம் காணொளிக்காகக் குறிப்பை மறுபடியும் முதலிலிருந்து வாசித்துக்கொண்டிருக்கிறேன்.