மன்னார் மண்ணின் ஐந்தொகை

வீடு கட்டப் புறப்பட்ட எவரும் முதலிற் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "மணல் கியூப் என்ன விலை?" நூறு கன அடி கொண்டது ஒரு கியூப். சீமெந்துக்குப் பெயருண்டு, கம்பிக்குத் தரமுண்டு, ஓட்டுக்கு முத்திரை உண்டு. மணலுக்கோ விலையொன்றே உண்டு. அது எந்த ஆற்றிலிருந்து வந்தது, அந்த ஆற்றில் இன்னும் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று நாம் கேட்பதில்லை. கேட்டாலும் டிப்பர்ச் சாரதி சொல்லமாட்டார், அவருக்கும் தெரியாது.

மணல், கிறவல், களிமண், கருங்கல் முதலியவற்றைச் சிறு கனியங்கள் என்று வகுத்துக் கூறுவது அயலிலுள்ள இந்தியாவின் சட்ட வழக்கு. இரும்பு, நிலக்கரி, பொன் போன்றவற்றோடு ஒப்பிட்டு இட்ட பெயர் அது. பெயர் சிறிதேயொழிய அளவு சிறிதன்று. நம் வீட்டை அத்திவாரத்திலிருந்து கூரைவரை எடையிட்டுப் பார்த்தால், இரும்பு ஒரு மூலைக்குள் அடங்கிவிடும். மிகுதியெல்லாம் பெரும்பாலும் இச்சிறு கனியங்களே. போர் ஓய்ந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின், இந்திய வீடமைப்புத் திட்டம் ஒன்றின் கீழ் மட்டும் வடக்கிற்கும் கிழக்கிற்குமென ஒதுக்கப்பட்ட வீடுகள் 46,000. வீதிகளும் பாலங்களும் பாடசாலைகளும் வேறு. அவை வேண்டாமென்று எவர் சொல்வார்? இடிந்த மனையில் மறுபடி சுவர் எழுப்பும் குடும்பத்துக்கு மணல் இன்றியமையாதது. ஆகவே, தோண்டுவதா வேண்டாமா என்பதன்று நம்முன் உள்ள வழக்கு. எங்கே தோண்டுவது, எவ்வளவு தோண்டுவது, எப்போது நிறுத்துவது என்பதே. இதற்கு விடை சொல்ல வல்லது முறையான அளவை ஒன்றே.

இலங்கையிற் கனியங்களை ஆய்ந்தறியும் அரசாங்கப் பணி 1903இல் தொடங்கியது. அதன் முதல் இயக்குநராக அமர்ந்தவர், பின்னாளிற் கலையுலகம் போற்றிய ஆனந்த குமாரசுவாமி. நடராசர் திருவடிவத்தின் பொருளை மேனாட்டாருக்கு விளக்கிய அவ்வறிஞர், அதற்கு முன்னர் சுத்தியலும் கையுமாகக் காடு மேடெல்லாம் அலைந்து கல்லாய்ந்தவர் என்பதை நம் மாணவர்களில் எத்தனை பேர் அறிவர்? தோரியனைற்று என்னும் அரிய கனியம் 1904இல் இந்நாட்டில் அறியப்பட்டதும் அவர் பதவியிலிருந்த காலத்திலேயே. அன்றைய அளவை பெரிதும் தேடியது அருமையான பொருள்களை. இன்று நாம் தேடி அளக்க வேண்டியவையோ, எங்கும் குவிந்து கிடப்பதாக எண்ணிக்கொண்டிருக்கும் பொருள்கள்.

சட்டம் இல்லாமலில்லை. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்படி, நிலம் எவருக்குச் சொந்தமாயினும் அதனுள் இருக்கும் கனியம் குடியரசுக்கு உரியது. புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரமின்றி அதனை அகழ்தலாகாது என்பது பொதுவிதி. ஆயினும் பத்திரம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்றாக வழங்கப்படுவது, ஆறோ ஒன்று. பத்து இடங்களிற் பத்துப் பேருக்குத் தனித்தனியே நியாயமாகத் தோன்றும் அளவு, கூட்டிப் பார்க்கையில் ஆறு தாங்காத அளவாகிவிடலாம். ஆதலின் மாவட்டம் முழுவதையும் ஒருங்கே வைத்துக் கணக்குப் பார்க்கும் ஓர் ஏடு வேண்டும். வணிகர் ஆண்டிறுதியில் ஐந்தொகை தயாரிப்பதுபோல, மண்ணுக்கும் ஓர் ஐந்தொகை.

அத்தகைய ஏடு எவ்வாறு அமைய வேண்டும் என்று பார்ப்பதற்கு மன்னார் மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். வயலும் காடும் கடலுமாக விரிந்த நாட்டுப்புறம் அது. அதன் நிலவமைப்பைக் கற்க விரும்பும் மாணவர், மதவாச்சியிலிருந்து தலைமன்னார்வரை செல்லும் புகையிரதப் பாதையை மனத்தில் விரித்துக்கொண்டாற் போதும். 1914இல் திறக்கப்பட்டு, 1990இல் போரினால் அறுபட்டு, 2015இல் மீண்டும் தலைமன்னாரை எட்டிய பாதை அது. அரிந்து வைத்த பலாப்பழம் தோலையும் சுளையையும் ஒருசேரக் காட்டுவதுபோல, இப்பாதை மாவட்டத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டுகிறது.

செட்டிகுளத்தைத் தாண்டி வரும்வரை நமக்குக் கீழே இருப்பது மிகப் பழைய பாறை. இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் இத்தகைய பாறைமேல் அமைந்ததே. தண்டவாளத்தின் கீழ்ப் பரப்பியிருக்கும் சல்லி இவ்வகைப் பாறையை உடைத்துப் பெறுவது. கல்லுக்கு இருப்பு உண்டு, வருமானம் இல்லை, எடுத்தது எடுத்ததுதான். ஆதலாற் கற்பாறையை அளப்பவர், அதன் உயரத்தையும் பரப்பையும் மட்டும் குறித்துக்கொண்டு திரும்பிவிடலாகாது. வெடிவைத்தால் அதிர்வு எட்டும் தூரத்தில் எத்தனை வீடுகள், எந்தக் குளத்தின் கட்டு, எந்தக் கோவிலின் மதில் என்பதையும் படத்தில் இடவேண்டும்.

முருங்கனை அண்மியதும் மண்ணின் நிறம் மாறுகிறது. மாரியிற் பசைபோல ஒட்டிக்கொண்டு, கோடையிற் கைந்நுழையும் வெடிப்பாகப் பிளக்கும் கருங்களி. கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் நெல்வயல்களுக்கு உயிர் கொடுப்பது இக்களியே. 1950இல் உற்பத்தி தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு வேண்டிய களிமண் முருங்கன் பக்கத்திலிருந்தே சென்றது. அத்தொழிற்சாலை 1990இல் நின்றது. ஒரே மண், வயலாகவும் இருக்கலாம், சீமெந்தாகவும் போகலாம். எதனை எதற்கு விடுவது என்னும் தீர்ப்பை அளவையாளர் தாமாகச் சொல்லமுடியாது. ஆனால் எத்தனை அடி ஆழத்துக்குக் களி இருக்கிறது, அதன்மேல் எத்தனை ஏக்கர் விளைநிலம் என்று எழுதி வைத்தால், தீர்ப்புச் சொல்லுபவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாதன்றோ?

களிக்கு அடியிலும், அங்கிருந்து மேற்கே கடற்கரைவரையிலும் பரந்திருப்பது சுண்ணாம்புக்கல். புத்தளம் முதல் யாழ்ப்பாணம்வரை நீளும் படுகையின் ஒரு பகுதி இது. இக்கல் வெறுங் கல்லன்று, நீர்த்தொட்டி. முருங்கன் பகுதியில் இதனுள் ஆழத்தில் அடைபட்டுக் கிடக்கும் நிலத்தடி நீர் இலங்கையின் குறிப்பிடத்தக்க நீர்ப்படுகைகளில் ஒன்று. காங்கேசன்துறையிற் சுண்ணாம்புக்கல் அகழ்ந்த பள்ளங்களைக் கண்டவர்களுக்கு, கல் போன இடத்தில் என்ன எஞ்சும் என்பதை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. தெற்கே முசலிப் பக்கத்திற் செம்மண்ணும், அதனடியிற் கிறவலும் உள்ளன. வீதி போடுவோர் கண் முதலிற் படுவது கிறவலின்மேல். ஆயின் வடமேற்குக் கரையோரத்துக் கிறவற் படைகளிற் கற்கால மனிதரின் கருவிகள் அகப்பட்டிருக்கின்றன. மாந்தையில் மண்மேடாகத் தோன்றுவது ஒரு பண்டைத் துறைமுகப் பட்டினம். மண்வெட்டி விழும் முன்னர் தொல்பொருள் அறிந்தார் ஒருவர் உடன்நின்று பார்ப்பது நன்று.

இவையெல்லாம் சேமிப்புப் பணம் போன்றவை. வருமானம் உள்ள கனியம் ஒன்றே ஒன்றுதான்: ஆற்று மணல். கல்லைப் போலன்றி, மணலை ஆறு ஆண்டுதோறும் கொண்டுவந்து கொடுக்கிறது. இந்த ஒரு காரணத்தாலேயே அதனை வற்றாத செல்வமென்று மயங்கிவிட்டோம்.

நாம் கருதும் ஆறு அருவியாறு. அநுராதபுரப் பக்கத்தில் மல்வத்து ஓயா எனப் பெயர் கொண்டு, 160 கிலோமீற்றருக்கு மேல் ஓடி, நானாட்டானுக்குத் தெற்கே சென்று கடலிற் கலக்கிறது. கோடையில் அதனைப் பார்த்தவர் மணல்வெளி என்றே சொல்வர். ஆனால் அம்மணலுக்குள் ஈரம் உறங்குகிறது. ஆற்றுப் படுக்கையிற் சிறு பூவல் தோண்டினால் ஊறும் நீர், அந்த மணல் காத்து வைத்த மாரிநீரே. கரையோரக் கிணறுகளின் நீர்மட்டமும் அதனோடு சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். மணலை அள்ளும்போது நாம் தொட்டியையே கழற்றிக்கொண்டு போகிறோம்.

ஆறு ஆண்டொன்றுக்கு எவ்வளவு மணல் தருகிறது? இதனை அறியும் முறை மிக எளிது, பொறுமைதான் வேண்டும். மாரி தொடங்குமுன், ஆற்றுக்குக் குறுக்கே குறிப்பிட்ட இடங்களில் மட்டமானி வைத்துப் படுக்கையின் உயரத்தை அடிக்கு அடி குறித்துக்கொள்வது. வெள்ளம் வடிந்தபின், தை மாசியில், அதே இடங்களில் அதே கோட்டில் மறுபடி அளப்பது. ஏறியிருந்தால் வரவு, இறங்கியிருந்தால் நட்டம். உதாரணமாக, 300 அடி நீளமும் 150 அடி அகலமும் கொண்ட ஒரு படுக்கை, ஒரு மாரியில் 4 அங்குலம் உயர்ந்ததென வைத்துக்கொள்வோம். வந்த மணல் 15,000 கன அடி. அதாவது 150 கியூப். அதிலும் முழுவதையும் எடுக்கலாகாது. அறுபது வீதமே எடுக்கத்தக்கது என்னும் இந்திய விதியைக் கைக்கொண்டால், 90 கியூப். மூன்று கியூப் கொள்ளும் டிப்பர் ஒன்றுக்கு முப்பது நடை. ஓராண்டு முழுவதற்கும் முப்பதே நடை! விடியுமுன் தொடங்கினால் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடக் கூடியது. எண்கள் நாம் விளக்கத்துக்காக எடுத்தவையே. வாசகர் தம் ஊர் ஆற்றின் நீள அகலத்தை இட்டுக் கணக்கைப் பார்த்துக்கொள்ளலாம்.

மேற்பகுதியிலுள்ள எண்ணற்ற குளங்கள் நீரோடு மணலையும் தடுத்துக்கொள்கின்றன. அதனாலும் வரவு குறைகிறது. மறுபுறம், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்தது போன்ற பெருவெள்ளம் ஒரே வாரத்திற் பழைய அளவையெல்லாம் பயனற்றதாக்கிவிடும். படுக்கை ஓரிடத்தில் உயர்ந்திருக்கும். வேறிடத்தில் அரித்துக்கொண்டு போயிருக்கும். ஆகையால் ஒருமுறை அளந்து சட்டகத்தில் மாட்டி வைப்பதற்குரியதன்று இந்த ஏடு.

அளக்காமல் எடுத்தால் என்ன நேரும் என்பதற்குத் தொலைவிற் போகவேண்டாம். களனி ஆற்றில் மணல் அகழ்ந்து படுக்கை தாழ்ந்ததன் பயனாக, வறட்சிக் காலங்களிற் கடல்நீர் ஆற்றின்வழி மேலேறி, கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தலைப் பக்கத்தை நெருங்கியது. உவர்நீரை மறிப்பதற்கு ஆற்றுக்குக் குறுக்கே மணல் மூடை அடுக்க வேண்டிவந்தது. அள்ளிய மணலையே பணங்கொடுத்து மூடையாகக் கட்டித் திரும்ப ஆற்றிலிட்ட கதை! மாத்தறையில் நில்வளா ஆற்றுக்கும் இதேபோன்ற துன்பம் நேர்ந்தது. தலைநகருக்குத் தடுப்புக் கட்ட அரசாங்கம் ஓடிவரும். அருவியாற்றங்கரையிற் கிணறு உவர்த்தால் ஓடிவருவார் யார்?

பாக்குநீரிணைக்கு அப்பால் இந்தியாவில் இக்கேள்வி நீதிமன்றம்வரை சென்றது. ஐந்து ஹெக்டேயருக்குக் குறைந்த சிறு அகழ்விடங்களுக்கும் சுற்றாடல் அனுமதி பெறவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012இற் கட்டளையிட்டது. சிறு துண்டுகளாகப் பிரித்துக் காட்டி விதியைத் தாண்டும் தந்திரத்துக்கு அது தடை. அதனைத் தொடர்ந்து 2016 ஜனவரியில் வந்த அறிவித்தல், ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஓர் அளவை அறிக்கை தயாரிக்க வேண்டும் என விதித்தது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அதனைப் புதுப்பிக்க வேண்டும். வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு 21 நாள் வைத்து அவர்தம் கருத்தைக் கேட்க வேண்டும். ஏட்டளவில் நல்ல ஏற்பாடு. நடைமுறையிலோ, ஆற்றங்கரைக்குச் சென்று அளக்காமல், அமெரிக்க நீர்த்தேக்கங்களில் வண்டல் படிந்ததைக் கொண்டு வகுத்த ஒரு சூத்திரத்தில் எண்களை இட்டு, இத்தனை தொன் மணல் வருமென எழுதிவிட்ட அறிக்கைகளும் உண்டு. எங்கோ ஓடும் ஆற்றின் கணக்கு இங்கே ஓடும் ஆற்றுக்குப் பொருந்துமா? மீளச்சேரும் மணலை ஆராயாத அறிக்கையை அடிப்படையாக வைத்து அனுமதி வழங்கலாகாது என்று அதே உச்ச நீதிமன்றம் 2025இல் தெளிவாகத் தீர்த்தது. பதின்மூன்று ஆண்டு கழிந்தும், "முதலில் அளந்து வாருங்கள்" என்றே மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

நம் பாதையின் முடிவுக்கு வருவோம். பாலத்தைக் கடந்து மன்னார்த் தீவுக்குள் நுழைந்தால், பாறையுமில்லை, களியுமில்லை, கண்ணுக்கெட்டியவரை மணல். இம்மணலிற் கலந்துள்ள இல்மனைற்றின்மேல் நாட்டங்கொண்டு அண்மைக் காலத்தில் துளையிட்டுப் பார்த்ததும், 2025இல் மக்கள் வீதிக்கு வந்து எதிர்த்ததும் வாசகர் அறிந்தவையே. இல்மனைற்று சிறு கனியமன்று. அதன் வியாபாரமும் வேறு. ஆயினும், வீடு கட்ட அள்ளினும் கப்பலில் ஏற்ற அள்ளினும், மணலுக்கு அடியிலுள்ள நீருக்கு ஒன்றே. தீவின் நன்னீர் நாற்புறமும் உவர்நீர் சூழ, அதன்மேல் வில்லைபோல மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் தங்கும் என்பது நூல்கள் கூறும் கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தாற் கீழே எவ்வளவு குறையும் என்பதைப் பாடசாலைப் பிள்ளையும் சொல்லும்.

அளவையாளர் மட்டமானியும் சல்லடையும் துளைகருவியும் கொண்டு வருவர், வரட்டும். ஆனால் தீவிலும் ஆற்றங்கரையிலும் குடம் சுமக்கும் தாய்மாரிடம் ஒரு கணக்கு முன்னமே இருக்கிறது. எந்த ஆண்டுவரை எந்தக் கிணற்றிற் பருப்பு நன்றாக வெந்தது, எப்போது சவர் தட்டத் தொடங்கியது, முன்பு முழங்கையளவு தோண்டிய பூவலை இப்பொழுது எவ்வளவு ஆழம் தோண்ட வேண்டியிருக்கிறது என்பதையெல்லாம் அவர்கள் ஆண்டு தவறாமற் சொல்வர். மாவட்ட ஏட்டில் மணலின் கன அடிக்கும் கல்லின் தொன்னுக்கும் பக்கத்தில், இதனை எழுதிக்கொள்ளவும் ஒரு நிரல் ஒதுக்க வேண்டும்.